சிக்கிக்கொண்டவருக்கு எழுதுங்கள்: மென்பொருள் பயனர் கையேடு தயாரிக்க முழுமையான வழிகாட்டி

பயனர் கையேட்டை ஆசையாக எடுத்துப் படிப்பவர் எவரும் இல்லை. வேலைக்கு நடுவே ஏதோ ஒன்று ஓடாமல் நின்றுபோய், பக்கத்தில் கேட்கவும் ஆளில்லாமல் போன பிறகுதான் அதைத் திறக்கிறார்கள். திறந்தால் 'எங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி' என்று ஒரு பக்கம், 'சிறப்பம்சங்கள்' என்று இன்னொரு பக்கம். அதோடு மூடிவிட்டு, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அந்த அழைப்பை எடுப்பவர், கையேட்டில் 14-ஆம் பக்கத்தில் இருப்பதையே வாயால் சொல்கிறார். எழுதிய உழைப்பும் வீண், அச்சடித்த தாளும் வீண்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள சிறிய மென்பொருள் நிறுவனங்களில் கையேடு எழுதுவதற்கென்று தனி ஆள் இருப்பது அரிது. 'நீ தமிழ் நன்றாக எழுதுவாயே' என்று யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டவருக்காகத்தான் இந்த வழிகாட்டி.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கடைகள் உண்டு. பால்வெட்டு முடிந்து, சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேகரித்துக் கேன்களில் கொண்டுவருவார்கள். கடைக்காரர் எடை போடுவார், மாதிரி எடுத்து மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு டிஆர்சி எனப்படும் உலர் ரப்பர் அளவைப் பார்ப்பார், கணக்குப் போட்டுச் சீட்டுக் கொடுப்பார். இந்தக் கொள்முதல் கணக்கைக் கைப்பேசியில் பதியும் செயலிக்கு நாம் கையேடு எழுதுகிறோம்.

படி 1: எழுதாதீர்கள், முதலில் கேள்விகளைச் சேருங்கள்

பெரும்பாலானோர் செயலியைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பத்தி எழுதிக்கொண்டே போவார்கள். இதைவிடச் சுலபமான முறையும் இல்லை, இதைவிடப் பயனற்ற முறையும் இல்லை. பொத்தான் என்ன செய்யும் என்று பயனர் கேட்பதில்லை. தன் வேலை ஏன் நிற்கிறது என்றுதான் கேட்கிறார்.

ஆகவே வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த பழைய கேள்விகளைப் படியுங்கள். கேட்டவர் எந்தச் சொற்களில் கேட்டாரோ அதே சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். 'நேற்றைய பாலை இன்றைய கணக்கில் ஏற்றிவிட்டேன், மாற்ற முடியுமா?' என்று அவர் கேட்டதை, 'பதிவுத் தேதி திருத்தம்' என்று சுருக்கி எழுதினால் பாதிச் செய்தி போய்விடும். அவர் கேட்ட கேள்வியே பின்னால் உங்கள் தலைப்பாகப் போகிறது.

அடுத்து, ஒரு காலைப் பொழுது கடைக்கே போய் நில்லுங்கள். அலுவலகத்தில் இருந்தபடி ஊகிக்க முடியாத சில விஷயங்கள் அங்கே தெரியும். கையில் பால் பட்டுக் காய்ந்து பிசுபிசுப்பதால் திரையை ஒரே விரலால்தான் தொடுகிறார்கள். வெயிலில் திரை சரியாகத் தெரிவதில்லை. ஒரே கைப்பேசியை உரிமையாளரும் வேலையாளும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். பால் உறைவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் எல்லாருமே அவசரத்தில் இருக்கிறார்கள். இவ்வளவையும் பார்த்த பிறகு நீங்கள் எழுதும் வாக்கியம் தானாகவே சிறுத்துவிடும்.

இங்கே ஒரு சாக்கை ஒதுக்கிவைக்க வேண்டும். 'நம் ஆட்களுக்குப் படிக்கும் பழக்கம் இல்லை, வீடியோ போட்டால் போதும்' என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது கன்னியாகுமரி மாவட்டம். தேநீர்க் கடையில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர் உங்கள் கையேட்டைப் படிக்கவில்லை என்றால், குறை அவரிடம் இல்லை.

படி 2: நான்கு வகை எழுத்தைக் கலக்காதீர்கள்

டானியேலே புரோசிடா என்பவர் வகுத்த 'டயாடாக்சிஸ்' என்ற முறை மென்பொருள் ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: புதியவரைக் கைபிடித்து நடத்தும் பயிற்சி, ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழிமுறை, விவரங்களைத் தேடிப் பார்க்கும் பட்டியல், ஏன் எதற்கு என்று சொல்லும் விளக்கம். கேட்பதற்கு எளிது. ஆனால் கையில் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் கொட்டிக் குழப்பியவைதான்.

நம் செயலியில் பயிற்சி என்பது, சோதனைக் கணக்கு ஒன்றில் முதல் கொள்முதலைப் பதிந்து சீட்டு எடுத்துப் பார்ப்பது. வழிமுறை என்பது, தவறாகப் பதிந்த எடையைத் திருத்துவது. எடைக் கட்டத்தில் எத்தனை தசம இலக்கம் ஏற்கும், டிஆர்சி கட்டத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இடலாம் என்பதெல்லாம் பட்டியலுக்குரியவை.

விளக்கத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் 'இது தேவையில்லை' என்று வெட்டிவிடுவது இதைத்தான். 40 கிலோ பால் வருகிறது, டிஆர்சி 35 சதவீதம். உலர் ரப்பர் 14 கிலோ. கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய். மறுநாள் அதே 40 கிலோ, அதே விலை, ஆனால் மழைத் தண்ணீர் சிரட்டையில் விழுந்து டிஆர்சி 33 ஆகிவிட்டது. உலர் ரப்பர் 13.2 கிலோ, தொகை 2,640. பால் கொண்டுவந்தவர் '160 ரூபாய் எங்கே போயிற்று, செயலி தப்பாகக் கணக்குப் போடுகிறதா?' என்று கேட்பார். அந்த நேரத்தில் கடைக்காரர் திருப்பிக் காட்ட ஒரு விளக்கப் பக்கம் வேண்டும். செயலியின் மேல் உள்ள நம்பிக்கையே அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் இதே விளக்கத்தை எடையைத் திருத்தும் வழிமுறைக்கு நடுவில் செருகினால், அவசரத்தில் திருத்த வந்தவர் வழி தவறிப்போவார். இரண்டும் தனித்தனிப் பக்கங்கள். நடுவில் ஓர் இணைப்பு போதும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-களில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜான் கரோல் குழுவினர் கணினி கற்பவர்களைக் கவனித்தார்கள். தடித்த கையேட்டை வரிசையாகப் படிக்காமல், எல்லாரும் நேரே வேலையில் குதித்துவிடுவதைக் கண்டார்கள். அதிலிருந்துதான் சுருக்கமான, வேலையை மையமாக வைத்த கையேடு என்ற கருத்து வலுப்பெற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 'கையேடு கனமாக இருந்தால்தான் மதிப்பு' என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஓர் அழகான அட்டைப்படம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். உள்ளே சுருக்கமாகவே எழுதுங்கள்.

படி 3: ஒரு வழிமுறையை எழுதும் விதம்

இது வழக்கமாக நாம் பார்க்கும் நடை:

'பயனர் தவறான எடையைப் பதிவு செய்திருப்பின், பதிவேட்டுப் பகுதிக்குச் சென்று, உரிய பதிவினைத் தெரிவு செய்து, தேவையான திருத்தம் மேற்கொள்ளப்பட்டுச் சேமிக்கப்பட வேண்டும்.'

இலக்கணப் பிழை இல்லை. அரசாணை போல மிடுக்காகவும் இருக்கிறது. கடையில் நிற்பவருக்கு மட்டும் உதவாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

எடையைத் தவறாகப் பதிந்துவிட்டால்
அன்றைய கணக்கை முடிப்பதற்குள் மட்டுமே திருத்த முடியும்.
1. முதல் திரையில் 'இன்றைய கொள்முதல்' என்பதைத் தொடுங்கள்.
2. பால் தந்தவரின் பெயரை அழுத்திப் பிடியுங்கள். அந்த வரி மஞ்சளாக மாறும்.
3. மேலே தோன்றும் 'திருத்து' என்பதைத் தொட்டு, சரியான எடையை இடுங்கள்.
4. 'சேமி' என்பதைத் தொடுங்கள். புதிய சீட்டு அச்சாகும்.
பழைய சீட்டு இனி செல்லாது. அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

நிபந்தனை முதலில் வந்துவிட்டது. நான்கு படியும் செய்து முடித்த பிறகு 'கணக்கை முடித்துவிட்டால் திருத்த முடியாது' என்று தெரியவந்தால் எவருக்கும் எரிச்சல் வரும். ஒவ்வொரு படியிலும் இடம் முன்னால், செயல் பின்னால். வினை கடைசியில் வரும் தமிழுக்கு இது இயல்பான வரிசை. ஆங்கில மூலத்தை வரிக்கு வரி பெயர்ப்பவர்கள்தான் இதைக் குலைக்கிறார்கள். செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள 'மஞ்சளாக மாறும்' என்ற அடையாளமும் உண்டு.

கடைசி வரியைக் கவனியுங்கள். சீட்டு என்பது திரைக்கு வெளியே, இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும் தாள். நிரலாளரைக் கேட்டால் அதைப் பற்றிச் சொல்லவே மாட்டார், ஏனென்றால் அவருடைய நிரலில் அது இல்லை. ஆனால் ஒரே கொள்முதலுக்கு இரண்டு சீட்டு சுற்றினால் மாதக் கடைசியில் சண்டை வரும். நல்ல கையேடு திரையோடு நின்றுவிடுவதில்லை. வேலை எங்கே முடிகிறதோ அதுவரை போகிறது.

'செய்யப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வினையை முடிந்தவரை விரட்டுங்கள். 'தினமும் காலையில் ரப்பர் விலை புதுப்பிக்கப்பட வேண்டும்' என்று எழுதினால், யார் புதுப்பிப்பது? உரிமையாளரா, வேலையாளா, செயலி தானாகவே செய்துகொள்ளுமா? செயலி பார்த்துக்கொள்ளும் என்று வேலையாள் நினைத்துக்கொண்டால், அன்று வந்த பால் முழுவதும் நேற்றைய விலைக்குப் போய்விடும். 'உரிமையாளர் தினமும் காலையில் விலையைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் செயலி முந்தைய நாள் விலையையே எடுத்துக்கொள்ளும்.' இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

படி 4: திரையில் உள்ள சொல்லையே எழுதுங்கள்

பொத்தானில் 'சேமி' என்று இருந்தால் கையேட்டிலும் 'சேமி'. 'சேமிக்கவும்', 'பதிவு செய்க' என்று நடையழகுக்காக மாற்றாதீர்கள். பள்ளியில் ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிடலாம். செயலி ஆங்கிலத்தில் இருந்தால் பொத்தான் பெயரை ஆங்கில எழுத்திலேயே விடுங்கள். பயனர் அந்த எழுத்து வடிவத்தைத்தான் திரையில் தேடுகிறார். மற்ற இடங்களில் கடைச் சொல்லே நல்லது. ஒட்டுப்பால் ஒட்டுப்பால்தான், ஷீட் ஷீட்தான், பிரிண்டர் பிரிண்டர்தான்.

படி 5: தேடினால் கிடைக்க வேண்டும்

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடின் முதல் பதிப்பு வெளிவந்த 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் தரமாயிற்று. இருந்தும் அச்சகத்துக்குப் போகும் கையேடுகள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சாகின்றன. பார்வைக்குத் தமிழாக இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. அதை இணையத்தில் ஏற்றினால் எந்தத் தேடலிலும் அகப்படாது. முதல் நாளிலிருந்தே யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்.

யுனிகோடிலும் பொறிகள் உண்டு. 'கொள்முதல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சாதாரணத் தேடல் நிரலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைச் சிக்கலுக்கு, உரையையும் தேடுசொல்லையும் யுனிகோடின் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும்படி நிரலாளரிடம் சொல்லுங்கள், சிறிய வேலைதான். இரண்டாவதற்குக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே வழி.

பி.டி.எஃப். கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ் பி.டி.எஃப்.களில் பிரதி எடுத்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்புவது வழக்கம். தேடலும் அதே கதிதான். இணையப் பக்கமாக எழுதி, அதன் பிரதியைச் செயலிக்குள்ளேயே இணையம் இல்லாமலும் திறக்கும்படி வையுங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலைச்சரிவில் சிக்னல் போய்ப் போய் வரும். இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்று சொல்லும் பக்கத்தைப் படிக்க இணையம் கேட்கும் கையேட்டை என்னவென்று சொல்வது!

படி 6: திரையின் படங்கள் (ஸ்கிரீன்ஷாட்)

குறைவாகப் போடுங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவை பழையதாகிவிடும். சொல்லால் விளங்காத இடத்துக்கு மட்டும், தேவையான பகுதியை வெட்டிப் போட்டால் போதும். உண்மையான கடையின் திரையைப் படம் பிடித்து, பால் தந்தவரின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எல்லாம் தெரிய வெளியிடுவது இன்றும் நடக்கிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இந்த அலட்சியம் குறையவில்லை. சோதனைக் கணக்கில் கற்பனைப் பெயர்களை இட்டுப் படம் எடுங்கள். கைப்பேசியின் அமைப்புத் திரைகளைப் படமாகப் போடுவதும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு நிறுவனமும் அவற்றை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. அமைப்புகளின் தேடல் கட்டத்தில் எந்தச் சொல்லைத் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வீடியோ முதல் நாள் பயிற்சிக்கு நல்லது. அவசரத்தில் ஒரு விடையைத் தேடுபவரை ஆறு நிமிடம் காத்திருக்க வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

படி 7: பிழைச் செய்திகளைத் தலைப்பாக்குங்கள்

திரையில் தோன்றும் ஒவ்வொரு பிழைச் செய்தியும் கையேட்டில் அதே எழுத்துகளில் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும். அதன்கீழ் முதல் வரி, பயனரின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்தப் பயம் ஒன்றுதான்: பதிந்தது அழிந்துவிட்டதா? 'இல்லை. நீங்கள் பதிந்தது கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது. இணையம் வந்ததும் தானாகவே போய்ச் சேரும்.' காரணம், தீர்வு எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வேலையைச் செய்யும்போது கையேட்டால் சரிசெய்ய முடியாத குறைகளும் கண்ணில் படும். 'இணைப்புத் தோல்வி, குறியீடு 7' என்ற செய்திக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதுவதைவிட, அந்தச் செய்தியையே மாற்றச் சொல்வது நல்லது. சிறிய நிறுவனத்தில் நிரலாளர் அடுத்த நாற்காலியில்தான் இருப்பார். வெறுங்கையோடு போனால் 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்பார். படி 1-இல் சேர்த்த கேள்விகளோடு போய், இந்த ஒரு செய்தியால் எத்தனை அழைப்பு வந்தது என்று காட்டுங்கள். கையேடு எழுதுபவரைப் போல மென்பொருளின் குறைகளை வரிசையாகப் பார்ப்பவர் நிறுவனத்தில் வேறு எவரும் இல்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

படி 8: நிரலாளரிடம் விவரம் வாங்குவது

'இதைப் பற்றி எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் வராது. நீங்களே தெரிந்தவரை எழுதி, அவர் முன் வையுங்கள். ஒரு வரி எழுதித் தராதவர், நீங்கள் எழுதியதில் தவறு இருந்தால் உடனே உற்சாகமாகத் திருத்துவார். மனித சுபாவம் அது. கூடவே மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். இது எப்போது வேலை செய்யாது? யாருக்கு அனுமதி இல்லை? எதைச் செய்தால் திரும்பப் பெற முடியாது? எச்சரிக்கை வரிகள் எல்லாம் இந்த மூன்றாவது கேள்வியிலிருந்துதான் வரும். அந்த வரிகளை ஆபத்தான படிக்கு மேலே எழுதுங்கள், கீழே எழுதாதீர்கள்.

படி 9: வாயைத் திறக்காமல் சோதியுங்கள்

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் மூன்று பேர், மூன்று பேரும் கிடைக்காவிட்டால் ஒருவர். ஒருவரிடமும் காட்டாமல் வெளியிடுவதுதான் கூடாது.

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். நம் ஊர் மரியாதைக்கு எல்லாரும் 'நன்றாகப் புரிந்தது' என்றே சொல்வார்கள். 'அண்ணாச்சி, இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சோதனைக் கணக்கில் ஒரு எடையைத் திருத்திக் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும்போது விரல் தானாகத் திரையை நோக்கிப் போகும்; கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார், எதைப் படிக்காமல் தாண்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வசதியான காலம், மரங்களில் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் வாரங்கள். மற்ற நாட்களில் காலையில் போனால் கடைக்காரர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

படி 10: பழையதாகாமல் காப்பது

முதல் பதிப்பை எழுதுவதைவிடக் கடினமான வேலை இதுதான். அடுத்த அப்டேட்டில் 'இன்றைய கொள்முதல்' என்பது 'கொள்முதல் பட்டியல்' ஆகிவிடும். கையேட்டுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்கு நான் கண்ட ஒரே தீர்வு, மார்க்டவுன் போன்ற எளிய உரைக் கோப்புகளில் கையேட்டை எழுதி, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வைப்பது. திரையில் ஒரு பெயரை மாற்றுபவர் கையேட்டிலும் மாற்றினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று நிறுவனத்தில் விதி செய்துவிடுங்கள். விதி இல்லாமல் வெறும் வேண்டுகோளாக விட்டால் ஒரு பதிப்பு கூடத் தாங்காது.

வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பியது சாவதே இல்லை. ஆண்டுகள் கழித்தும் யாரோ ஒருவர் அதைக் குழுவில் பகிர்வார். ஆகவே கோப்புக்குப் பதில் இணைப்பை அனுப்புங்கள். கோப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணையும் தேதியையும் இடுங்கள். செயலியிலிருந்து நீக்கிய வசதிக்கான பக்கத்தைக் கையேட்டிலிருந்தும் நீக்குங்கள்.

படி 11: ஓர் ஒற்றைப் பக்க அட்டை

எல்லாம் முடிந்த பிறகு, அதிகம் கேட்கப்படும் நான்கைந்து கேள்விகளை மட்டும் எடுத்து ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். எடையைத் திருத்துவது, விலையைப் பதிவது, பிரிண்டர் நின்றால் செய்வது, இணையம் போனால் செய்வது, இவ்வளவு போதும். லேமினேஷன் செய்யாவிட்டால் ரப்பர் பால் பட்டு ஒரு வாரத்தில் நாசமாகிவிடும். எடைத் தராசுக்கு மேலே, நின்றபடி படிக்கும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடியில் உங்கள் உதவி எண்ணையும், எந்த நேரத்தில் அழைத்தால் ஆள் எடுப்பார் என்பதையும் எழுதுங்கள். பால் எடுக்கும் நேரம் காலை என்றால், உங்கள் அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்ற விஷயத்தை அன்றைக்கே மேலாளரிடம் பேசிவிடுவது நல்லது.